மனப்பாடம் என்னும் எளிய குற்றச்சாட்டு: பிரித்தானியத் தேர்வுகளும் தமிழக மாணவர்களும்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குச் சேரும் தமிழக மாணவர் முதல் பருவத் தேர்வில் சறுக்கினால் இரண்டு காரணங்கள் கைவசம் இருக்கும்: ஆங்கிலம் போதவில்லை, மனப்பாடம் செய்தே பழகியவர். முதலாவதற்குப் படிப்பு தொடங்குமுன்பே மொழிப்பயிற்சி வகுப்புகள் உண்டு. இரண்டாவதற்கு அப்படி ஒரு வகுப்பு கிடையாது. பண்பாட்டுக் குறை என்று பெயர் வைத்துவிட்டால் பொறுப்பு மாணவர் தலையில் விழுந்துவிடுகிறது. இந்த விளக்கம் தவறு என்பதும், தேர்வுக்கான ஆயத்தம் விடைகள் எப்படி மதிப்பிடப்படுகின்றன என்பதிலிருந்து தொடங்கவேண்டும் என்பதும் என் வாதம்.

கல்வி ஆய்வாளர்கள் டேவிட் வாட்கின்ஸும் ஜான் பிக்ஸும் சீன மாணவர்களைப் பற்றி 1996இல் தொகுத்த நூல், பொருளறியாது உருப்போடுவதையும் பொருள் விளங்குவதற்காகத் திரும்பத் திரும்பப் படிப்பதையும் வேறுபடுத்திக் காட்டியது. அதற்குப் பிறகும் 'ஆசிய மாணவர்' என்ற வார்ப்பு பல்கலைக்கழகப் பேச்சிலிருந்து மறையவில்லை. தமிழகத்தைப் பொறுத்தவரை அந்த வார்ப்பு வரலாற்றையும் மறைக்கிறது.

1836இல் சாசனம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகம் அன்று பாடம் நடத்தவில்லை. கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் இதே முன்மாதிரியில்தான் நிறுவப்பட்டன. 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் கற்பிக்கும் பணிக்கு வழி திறந்த பின்னரும் இணைப்புக் கல்லூரி முறை நீங்கவில்லை. பாடம் நடத்துபவர் ஒருவர், வினாத்தாள் அமைப்பவர் முகம் தெரியாத இன்னொருவர், திருத்துபவர் மூன்றாமவர். பல கல்லூரிகளுக்கு ஒரே வினாத்தாள் என்றாகும்போது, பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு வரி கேட்டாலும் அது அநீதி ஆகிவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அமைந்த வினாத்தாளைப் பாருங்கள்: இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, யூனிட்டுக்கு ஒன்றாக, 'அல்லது' போட்டு, பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள் ஐந்து, பதினைந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று. இந்த ஏற்பாட்டில் வினா வங்கியைப் புரட்டுவதும், தலைப்புகளுக்கு அடிக்கோடிடுவதும், வரையறை, வகைகள், படம், நன்மை தீமை என்று விடையை அடுக்குவதும் சோம்பல் அல்ல, கணக்கு. பிரித்தானிய ஆசிரியர் முகம் சுளிக்கும் 'ஆசியப் பழக்கத்தில்' பெரும்பகுதி லண்டனிலிருந்து ஏற்றுமதியானது.

அங்கோ இன்று பெரும்பாலும் பாடம் நடத்துபவரே வினாத்தாளை அமைத்து விடைகளைத் திருத்துகிறார். சக ஆசிரியர் ஒருவரும் வேறு பல்கலைக்கழகத்துப் புறத்தேர்வாளரும் அதைச் சரிபார்க்கிறார்கள். மனிதவியல், சமூக அறிவியல் துறைகளில் ஆறேழு கேள்விகளில் இரண்டையோ மூன்றையோ தேர்ந்து எழுதச் சொல்வது வழக்கம். 'பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த வட்டி விகிதத்தை உயர்த்துவது போதுமா?' என்று ஒரு கேள்வி. நம் மாணவர் பணவீக்கத்தின் வரையறையில் தொடங்கி, வகைகளை விளக்கி, கடைசிப் பத்தியில்தான் வட்டி விகிதத்துக்கு வருவார். எழுதியதில் பிழையே இருக்காது, மதிப்பெண்ணும் இருக்காது. முதல் பத்தியிலேயே தம் நிலைப்பாட்டைச் சொல்லி, சான்று காட்டி, மாற்றுக் கருத்தை எதிர்கொள்ளும் விடையைத்தான் திருத்துபவர் தேடுகிறார். சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைன் இரண்டு விதிகளைப் பிரித்துச் சொன்னார்: ஒரு சூழல் எதைக் கேட்கிறது என்று இனங்காணும் விதி, கேட்டதை உருவாக்கும் விதி. மொழிவகுப்பு இரண்டாவதற்கு ஓரளவு உதவலாம். முதலாவதை யாரும் சொல்லித்தருவதில்லை.

மதிப்பெண் அளவுகோலும் வேறு. முதுகலையில் பொதுவாக 50 தேர்ச்சி, 60 நல்ல தகுதி, 70 உயர் சிறப்பு. 85க்குக் குறையாமல் வாங்கியவர் 64ஐப் பார்த்து ஒடிந்துபோகிறார். அது நல்ல மதிப்பெண் என்று யாராவது சொல்லவேண்டியிருக்கிறது.

விடையை மதிப்பிடும் அளவுகோலை வாக்கியங்களில் எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது, மாதிரி விடைகளும் சேர்ந்தால்தான் தரம் புலப்படும் என்று கல்வி ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1987லேயே வாதிட்டார். செய்யவேண்டியது இதுதான்: பெயர் நீக்கிய பழைய விடைகள் மூன்றை, ஒன்று தோற்றது, ஒன்று நடுத்தரம், ஒன்று 70ஐத் தாண்டியது, மாணவர் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லவேண்டும். பிறகு ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணைக் காட்டி, வேறுபாட்டைப் பேசவேண்டும். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கி ஜனவரியில் தேர்வு என்றால், இதை அக்டோபரிலேயே செய்தாக வேண்டும். கால அளவுக்குள் ஒரு விடை எழுதிப் பார்ப்பது அதற்குப் பின்னர்தான்.

இது ஊட்டிவிடுவது ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்தானியப் பள்ளி மாணவர் ஏ-லெவல் படிக்கும்போதே தேர்வு வாரியங்கள் வெளியிடும் மதிப்பெண் வழிகாட்டிகளையும் தேர்வாளர் அறிக்கைகளையும் வைத்துப் பயிற்சி எடுத்தவர். அவருக்குப் பள்ளியிலேயே கிடைத்ததை வெளிநாட்டு மாணவருக்குச் சில வாரங்களில் கொடுப்பதைச் சலுகை என்பது பொருந்தாது. தவிர, இந்தியரிடம் பிரித்தானிய மாணவரைவிட மிக அதிகக் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு இது குறைந்தபட்சக் கடமை.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் முகமைகள் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சியோடு நின்றுவிடுகின்றன. அவற்றிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, லயோலா போன்றவை 1978லேயே தன்னாட்சி பெற்றவை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தம் தேர்வுமுறையைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. இறுதியாண்டு அகமதிப்பீட்டில் ஒன்றையாவது, நிலைப்பாடு எடுத்து வாதிடவேண்டிய ஒரே கேள்வியாக அவை மாற்றலாம். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.