ஆசானுக்குப் பின் யார்?

ஒரு சிலம்புக் கூடத்தில் ஆசான் கண்மூடிய பின்னர், அடுத்த திருவிழாவில் முதற்கம்பு எடுப்பவர் யார்? அவருக்குச் சலாம் வரிசை செய்ய ஏனைய மாணாக்கர் உடன்படுவரா? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்காமையால் மறைந்த கூடங்கள் நம் நாட்டில் மிகப் பல. வரலாற்று நூல்கள் போர்களையும் உடன்படிக்கைகளையும் விரித்துரைக்கின்றன. கம்பும் கத்தியும் பயிற்றிய கூடங்கள் எவ்வாறு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றன என்பதை எழுதினோர் மிகச் சிலரே. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், நிறுவியோருள் பலர் முதுமை எய்திவிட்ட நிலையில், இப்பொருளை எடுத்துக்கொள்வது பொருத்தமுடைத்தெனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றேன்.

பயிற்றுவோரை நாம் ஆசான் என்றும் வாத்தியார் என்றும் அழைக்கின்றோம். நகர்ப்புறத்தில் 'வஸ்தாது' என்ற சொல்லும் வழங்கும். அது பாரசீகத்து 'உஸ்தாத்' என்பதன் திரிபு. மராட்டியத்திலும் 'வஸ்தாத்' என்றே வழங்குகின்றது. தமிழகத்தில் கோதா எனவும் கரடிக்கூடம் எனவும் பெயர் பெற்ற பயிற்சியிடத்தை மராட்டியர் 'தாலீம்' என்பர். சொற்கள் இவ்வாறு நாடு கடந்து நடமாடியுள்ளமையை மனத்திற்கொண்டால், பின்னர் நான் புனே நகரத்துக் கதையொன்றைச் சங்ககிரியோடு சேர்த்துச் சொல்வது வியப்பாகத் தோன்றாது.

ஊர்ப்புறக் கூடங்களில் கைமாற்றத்திற்கு எழுதப்பட்ட விதி ஏதுமில்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், புதுவேட்டி ஆகியவற்றைத் தட்டில் வைத்து வணங்கிப் பாடம் தொடங்கிய மாணாக்கன், சுவடும் வீச்சும் தேர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் ஆசானின் கையினாலேயே கம்பு பெறுவான். சில இடங்களில் மகனுக்கும், சில இடங்களில் மருமகனுக்கும், சில இடங்களில் தலைமாணாக்கனுக்கும் அக்கம்பு போகும். ஆசான் தம் கடைசிப் பாடத்தை ஒருவருக்கும் கற்பியாது வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. புலிக்கு எல்லாம் கற்பித்த பூனை மரமேறுதலை மட்டும் கற்பிக்கவில்லை என்னும் கதையை இவ்வழக்கத்திற்கு நியாயமாகக் கூறுவர். அந்தப் பூனை இறந்தபோது மரமேறும் வித்தையும் உடன் இறந்ததா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை!

சாதி இதனுள் புகுந்த விதத்தையும் மறைத்தற்கில்லை. ஏகலைவன் கட்டைவிரலைத் துரோணர் கேட்டுப் பெற்ற கதையை நம் மக்கள் நன்கறிவர். அருச்சுனனுக்கு நிகராக ஒருவனும் இருத்தலாகாது என்பதே அங்குப் பேசப்படும் காரணம். வில்வித்தையின் தலைமை யாருக்குச் செல்ல வேண்டுமென்பதை மாணாக்கனின் திறமை முடிவு செய்யாதபடி பார்த்துக்கொண்ட ஏற்பாடு அது.

இனி, நம் ஊருக்கு வருவோம். சங்ககிரிக் கோட்டை என்றவுடன் நினைவிற்கு வருபவர் தீரன் சின்னமலை. 1756ஆம் ஆண்டு காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் தீர்த்தகிரி என்னும் பெயருடன் தோன்றிய இவர், சிலம்பம், வாள், குதிரையேற்றம் ஆகியவற்றில் தாமும் தேர்ந்து, கொங்கு நாட்டு இளைஞரைத் திரட்டிப் பயிற்றுவித்தார் என்பர். 1799இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த பின்னரும் இவர் பணியவில்லை. காவிரிக் கரை, ஓடாநிலை, அரச்சலூர் ஆகிய இடங்களில் 1801 முதல் 1804 வரை கும்பினிப் படையோடு மோதினார். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டு, 1805ஆம் ஆண்டு ஆடித் திங்களில் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். இவையெல்லாம் நம் பிள்ளைகள் பாடநூலிற் படிப்பனவே.

அவருடன் மடிந்தவர் யாவர் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. உடன்பிறந்தார் இருவரும், படைத்துணைவர் கருப்பசேர்வையும் உடன் தூக்கிலேறினர் என்பது வரலாறு. ஆசானும் அவருக்குப் பின் பொறுப்பேற்றிருக்கக் கூடியோரும் ஒருங்கே மாய்ந்தனர். பயிற்சி பெற்ற இளைஞர் எஞ்சியிருந்திருப்பர். அவர்களை ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்படச் செய்யும் தலைமை எஞ்சவில்லை. வெற்றியாயினும் தோல்வியாயினும், தலைமையை ஒரே குடும்பத்தில் வைத்த அமைப்புக்கு நேரக்கூடிய இடர் இது.

அக்குடும்பத்திற்கு வெளியே திறமை இல்லாமலா போயிற்று? அருந்ததியர் குடியிற் பிறந்த பொல்லான் அப்படையின் தளபதியருள் ஒருவர். செருப்புத் தைக்கும் தொழிலாளியாகக் கும்பினியாரின் பாசறையிற் புகுந்து உளவறிந்து, தோற்செருப்பினுள் ஓலையை மறைத்துச் செய்தி அனுப்பினார் என்றும், அது வெளிப்பட்டதனால் அரச்சலூரை அடுத்த நல்லமங்காபாளையத்தில் 1805இல் சுட்டுக் கொல்லப்பட்டார் என்றும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தனர். நெடுங்காலம் அவர் பெயர் எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. அருந்ததிய மக்களும் அவர்தம் அமைப்புகளும் ஆண்டுதோறும் நினைவு நாள் எடுத்து, மனுக்கொடுத்து, வாதாடிய பின்னரே, அண்மை ஆண்டுகளில் அரசும் அவரைப் போற்ற முன்வந்தது. படைக்குத் தலைமை தாங்கும் வாரிசுரிமை மட்டுமன்று, நினைவில் நிற்கும் வாரிசுரிமையும் போராடிப் பெற வேண்டியதாயிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கட்டபொம்மனும் மருது சகோதரரும் வீழ்ந்த பின்னர், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு, பாளையக்காரர் நாடுகளில் படைக்கலம் வைத்திருத்தலைத் தடைசெய்து அறிக்கை விடுத்தார். 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. வாளும் துப்பாக்கியும் இவ்வாறு பறிபோயின; மூங்கிற்கம்பை எந்தச் சட்டத்தாலும் பறித்தல் இயலாது. ஆடு மேய்ப்பவன் கையிலும் உழவன் கையிலும் அது இருந்தது. எனவே சிலம்பம் போர்க்களத்தை விட்டு நீங்கி மாரியம்மன் திருவிழாவிற் புகுந்து உயிர் பிழைத்தது. பிழைத்த கலைக்குப் படைத்தலைவன் தேவையில்லை. நல்ல ஆட்டக்காரன் போதும். கூடத்தின் கைமாற்றம் ஆசானின் தனி விருப்பமாகச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணமென்பது என் கருத்து.

கைமாற்றத்தை விதியாக்கிய நாடு ஜப்பான். அங்கு ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ ஒரு பள்ளி ஆசிரியர். பின்னாளில் தோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக நெடுங்காலம் பணிபுரிந்தவர். (தலைமையாசிரியர் தொழிலைக் குறைவாக எண்ணுவோர் இதனைக் கவனிக்க!) 1882இல் ஒரு பௌத்தக் கோயிலின் பன்னிரண்டு பாய் கொண்ட சிற்றறையில், ஒன்பது மாணாக்கருடன் கோதோகான் என்னும் கூடத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே 'தான்' என்னும் படிநிலையை ஏற்படுத்தி, முதற்படியை இருவருக்கு வழங்கினார். எவன் எவ்வளவு கற்றான் என்பதை ஆசானின் மனமறிந்தால் போதாது, எல்லாரும் அறிய வேண்டும் என்பது அவ்வேற்பாட்டின் கருத்து. கடைசிப் பாடத்தை மறைத்து வைக்கும் பூனைக்கு அங்கு இடமில்லை.

அத்தகைய கூடமும் குடும்பப் பிடியினின்று எளிதில் விடுபட்டதில்லை. 1938இல் கானோ கப்பற் பயணத்தில் காலமானார். அவர்தம் மருமகனும் கடற்படைத் தலைவராக விளங்கியவருமான நாங்கோ ஜிரோ பொறுப்பேற்றார். 1946இல் மகன் கானோ ரிசெய், 1980இல் பேரன் கானோ யுகிமித்சு. குடும்பத்திற்கு வெளியேயுள்ள ஒருவர், 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற உவெமுரா ஹருகி, தலைமையிருக்கையில் அமர 2009ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. தொடங்கிய நாளிலிருந்து 127 ஆண்டுகள்! பிளவு நேராமற் காத்தது படிநிலை ஒழுங்கே எனலாம். கியோகுஷின் கராத்தேயை நிறுவிய ஓயாமா மசுதாத்சு 1994இல் மறைந்தபோது, மத்சுயி என்னும் இளைஞரைக் குறித்த விருப்ப ஆவணம் வழக்குமன்றம் வரை சென்றது. அவ்வியக்கம் பல கூறுகளாக உடைந்தது.

நம் சங்கத்தைப் போன்றவை 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்திற்கு உட்பட்டவை. நிர்வாகக் குழுவின் காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்பது அச்சட்டம். மறுபடி தேர்ந்தெடுக்கப்படுவதற்கு அதில் தடையில்லை. ஆதலின் மூன்றாண்டுக்கொருமுறை மாலை மாற்றி மாலை அணிந்து, அதே நால்வர் அதே நாற்காலிகளில் அமர்ந்திருத்தல் இயலும். எந்தச் சங்கத்தையும் நான் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. படிப்போர் தத்தம் சங்கத்தை எண்ணிக்கொள்க.

இப்போது புனேக்குச் செல்வோம். நம்மவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் லகுஜி சாள்வே. மராட்டியத்தில் தீண்டப்படாதோராக ஒதுக்கப்பட்ட மாங்கு குடியில், புரந்தர் கோட்டையின் அடிவாரத்தில் 1794இல் பிறந்தவர். தந்தை ராகோஜி ஆயுதப் பயிற்சியில் வல்லவர். 1817 நவம்பரில் கட்கி என்னுமிடத்தில் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் அவர் மாண்டார் என்பர். தந்தையிடம் கற்ற வித்தையை வைத்து லகுஜி 1822 அளவில் புனேயின் கஞ்சு பேட்டையில் ஒரு தாலீமைத் தொடங்கினார். மல்லும் கம்பும் வாளும் குறிபார்த்துச் சுடுதலும் அங்குப் பயிற்றப்பட்டன.

தந்தைக்குப் பின் மகன் என்பது வரையில் இது பழைய முறையே. அடுத்த தலைமுறையில்தான் புதுமை நேர்ந்தது. லகுஜி திருமணம் செய்துகொள்ளாதவர் என்பது வழிவழி வரும் செய்தி. ஆகவே கம்பு போவதற்கு மகன் இல்லை. தாலீமின் வாயிலோ எல்லாச் சாதியாருக்கும் திறந்திருந்தது. அவரிடம் பயின்றோருள் ஒருவர் சோதிராவ் புலே. தாம் கம்பு வீச்சையும் குறிபார்த்துச் சுடுதலையும் இவரிடம் கற்றதைப் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலில் தாமே குறித்துள்ளார். 1879இல் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்த வாசுதேவ் பல்வந்த் பட்கேயும் இவர் மாணாக்கர் என்பர். பிராமண இளைஞனுக்கு மாங்கு ஆசான்! துரோணர் கதையைத் திருப்பி வைத்தாற்போன்ற காட்சி இது. இங்கு எவரும் எவர் விரலையும் கேட்கவில்லை.

புலே 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதையும், அதனையடுத்து மாங்கு, மகார் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவியதையும் யாவரும் அறிவர். பள்ளி தொடங்குதல் எளிது. பிள்ளைகளைக் கொண்டுவருதல் அரிது. இதனை நம் சேரிகளில் வீடுவீடாகச் சென்று பெயர் சேர்த்த ஆசிரியர் எவரும் ஒப்புவர். அப்பணியில் லகுஜியும், ராண்பா என்னும் மகார் பெரியவரும் தத்தம் மக்களிடையே சென்று கல்வியின் தேவையை எடுத்துரைத்துத் துணை நின்றனர். மாணாக்கன் தொடங்கிய கூடத்திற்கு ஆசான் ஆள் சேர்த்துக்கொடுத்தார் என்பதே இதன் பொருள். தாம் உயிரோடிருக்கையிலேயே, தம்மினும் முப்பதாண்டு இளையவனான மாணாக்கனின் பின்னே நடக்க அவர் நாணவில்லை. கோதோகானின் படிநிலை ஏடுகளில் இதற்கு நிகரான நிகழ்ச்சியை நான் கண்டதில்லை.

படைக்கலத்திலிருந்து பலகைக்கு மாறிய வழி நம் மக்களுக்குப் பிறிதோரிடத்திலும் திறந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியொன்றில் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். 1891இல் மாவு என்னும் படைநகரில் அம்பேத்கர் பிறந்தார். அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் மகார் மக்களைப் படையிற் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. படையின் வாயில் அடைபட்ட போதிலும், தந்தை கொடுத்த எழுத்து மகனிடம் இருந்தது.

லகுஜியின் உறவினள் முக்தா சாள்வே. புலேயின் பள்ளியில் மூன்றாண்டு படித்தவள். வயது பதினான்கு இருக்கலாம் என்பர். 1855இல் 'ஞானோதயா' என்னும் மராட்டி இதழில், மாங்கு மகார் மக்களின் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை இரு பகுதிகளாக வெளிவந்தது. வேதத்தைப் படிக்கவும் பார்க்கவும் உரிமையற்ற எமக்கு மதம் எது என்று அதில் அச்சிறுமி கேட்கின்றாள். பேஷ்வா பாஜிராவின் ஆட்சியில் மாங்கோ மகாரோ தாலீமின் முன்னே நடந்து சென்றால், அவன் தலையைக் கொய்து, வாளை மட்டையாகவும் தலையைப் பந்தாகவும் கொண்டு ஆடினர் என்பதையும் எழுதுகின்றாள். அந்த ஆட்சி வீழ்ந்து நாற்பதாண்டுகூட ஆகவில்லை. அதே நகரில், மாங்கு ஆசான் ஒருவரின் தாலீமில் மேற்குலத்து இளைஞர் மண்ணைத் தொட்டு வணங்கிக் கம்பெடுத்துக்கொண்டிருந்தனர். அவ்வாசானின் வீட்டுப் பெண்ணோ எழுதுகோல் எடுத்திருந்தாள். லகுஜி அதன் பின்னரும் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1881 பிப்ரவரியில் காலமானார்.