மலைக்கு அந்தப் பக்கம்

கம்பத்தில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் விழித்துக்கொண்டுவிடும். தலையில் துணி, கையில் தூக்குச்சட்டியுடன் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக் கம்பம் மெட்டு வழியாக மலைக்குப் போவார்கள். ஏலத்தோட்ட வேலை. திரும்பி வரும்போது பெரும்பாலும் இருட்டிவிடும்.

சென்ற மாதம் ஒருநாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்களில் ஒருத்தி மகனுடைய பள்ளிக்கூட உதவித்தொகை விண்ணப்பத்தை நீட்டினாள். “இத நெரப்பிக் குடுங்க தம்பி, ஜீப்பு கெளம்பப் போகுது.” தாயின் தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.

“என்னக்கா எழுத?”

“கூலின்னு எழுதுங்க. வேற என்னத்த எழுதுவீக?”

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. டாக்டரும் எஞ்சினீயரும் அயல்நாடு போனால், திறமைக்கு மதிப்புள்ள இடம் தேடிப் போகிறார்கள் என்கிறோம். மலையேறுகிறவளை வயிற்றுப்பாட்டுக்குப் போகிறாள் என்கிறோம். இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது என் அபிப்பிராயம்.

அயல்நாடு என்று நான் சொல்வது மிகையல்ல. 1949-ல் கொச்சியோடு இணையும் வரை மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். சக்கரம் என்று தனி நாணயம். அஞ்சல் என்று தனித் தபால். 1956-ல் மாநில எல்லைகளை மாற்றி வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. நம் ஜனங்கள் அப்போதும் ஏறினார்கள், இப்போதும் ஏறுகிறார்கள். பாதையும் புதிதல்ல. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையோடு நடந்து சேர நாட்டு மலைக்குத்தான் போனாள் என்கிறது சிலப்பதிகாரம். கூடலூருக்கு மேலே மங்கலதேவி கோட்டத்தில் சித்ரா பௌர்ணமிக்கு இன்றும் கூட்டம் கூடுகிறது.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். தோட்டம் போட மலை கிடைத்துவிட்டது. வேலைக்குக் கை வேண்டாமா? அந்த மலைகளின் கிழக்கே, காலடியிலேயே எங்கள் பள்ளத்தாக்கு. மூணாற்றுத் தேயிலைகூட அந்தக் காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டு வண்டியில்தான் போடி வந்து சேர்ந்தது. சரக்கு இறங்கிய திசையிலிருந்து ஆட்கள் ஏறினார்கள்.

ஏன் ஏற வேண்டும்? 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணை பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. வயல் உள்ளவனுக்கு இரண்டு போகம் விளைந்தது. வயல் இல்லாதவனுக்கு நடவும் அறுப்பும் மட்டும்தான். இடையில் உள்ள மாதங்களில் அடுப்பு எரிய வேண்டுமே! மலையில் கூலியும் கீழே கிடைப்பதைவிட அதிகம். தண்ணீர் இறங்கி வந்தது. ஆட்கள் ஏறிப் போனார்கள்.

ஆனால் பசி ஒருவனை ஊரைவிட்டுக் கிளப்பும், அவ்வளவுதான். போன இடம் அவனை மறுபடி மறுபடி கூப்பிடுகிறதென்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஏலக்காய் கிளையில் தொங்குவதில்லை. செடியின் தூரில், மண்ணோடு படரும் சரத்தில் இருக்கிறது. குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும். பிஞ்சில் எடுத்தால் உலரும்போது சுருங்கும்; பழுக்க விட்டால் வெடித்துவிடும். உள்ளே விதை கறுத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் பக்குவத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பிளந்து பார்க்க முடியுமா? கண்ணும் விரலும்தான் சொல்ல வேண்டும். கை தவறிப் பூ உதிர்ந்தால், அது காயாகப் போவதில்லை. நாலைந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்ப்பது அந்தப் பச்சை நிறத்தையும் பருமனையும்தான். இரண்டும் அவள் விரலிலிருந்து தொடங்குகின்றன.

இதற்குத் திறமை என்று பெயர் வைக்க நமக்கு மனம் வருவதில்லை. 1939-ல் இந்திய சர்க்கார் இலங்கைக்கு ஆட்கள் போவதைத் தடுத்தபோது, தடை ‘தேர்ச்சியற்ற தொழிலாளர்’ மீது என்றுதான் உத்தரவு சொன்னது. தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவர்களும் அந்தப் பெயரில் அடங்கிப்போனார்கள். எழுதியவர் ஒரு நாளாவது கொழுந்து கிள்ளிப் பார்த்திருக்க மாட்டார்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி மலைப்பாதைகள் அடைபட்டன. தோட்டங்களிலிருந்து ஜனங்கள் பயந்து காட்டு வழியாக இறங்கி வந்தார்கள். தகராறு தணிந்ததும் ஜீப்புகள் பழையபடி ஏறின. இங்கே அடுப்புக்கு அந்தக் கூலி வேண்டியிருந்தது. அங்கே செடிக்கு இந்த விரல்கள் வேண்டியிருந்தன.

அன்று விண்ணப்பத்தில் ‘ஏலக்காய் எடுக்கும் தொழில்’ என்று எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் பதறிப்போனாள்.

“ஐயையோ, அடிச்சிருங்க தம்பி. தொழில்னு எழுதினா வசதி இருக்குதுன்னு நெனைச்சுக்கிருவாக. பயலுக்குப் பணம் வராமப் போயிரும்.”

ஜீப் ஹாரன் அடித்தது. நான் அடித்துவிட்டுக் கூலி என்று எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். அடித்த எழுத்து, படிக்க விரும்புகிறவர்கள் படிக்கும்படியாகத்தான் இருந்தது.