வள்ளத்துக்குப் பூசிய எண்ணெய்

தூத்துக்குடியின் திரேஸ்புரம் போன்ற கரைகளில் சுறா ஈரலை யாரும் வீணாக்கியதில்லை. துண்டு போட்டு, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் மஞ்சள் எண்ணெயை வழித்தெடுப்பார்கள். வீச்சம் குடலைப் புரட்டும். மரம் உளுத்துப்போகாமலிருக்க அதை வள்ளத்துப் பலகைகளில் பூசுவார்கள். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் தேங்கிய அந்தப் பெரிய ஈரல்தான் அது மூழ்காமல் நீந்தக் கைகொடுக்கிறது.

இந்த எண்ணெய் பெருமளவில் மருந்துப் புட்டிக்குள் போனது இரண்டாம் உலகப் போரால்.

லண்டன் பிராம்டன் மருத்துவமனை 1840களிலேயே காச நோயாளிகளுக்குக் காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்துப் பார்த்தது. அதிலுள்ள சத்துகளில் ஒன்றுக்கு வைட்டமின் டி என்ற பெயர் 1920களில்தான் வந்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் புகுந்ததும் அங்கிருந்து இந்தியாவுக்குக் காட் எண்ணெய் வருவது நின்றது. அப்போது சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. சுறா எண்ணெயில் வைட்டமின் ஏ ஏராளம்; டி சொற்பம். ஆகவே காட் எண்ணெய்க்கு அது முழு மாற்று ஆகவில்லை.

காசநோய்க்கு வெயிலையும் காற்றையும் நம்பிய மருத்துவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜனுக்குச் சிகிச்சை அளித்த சவுரிமுத்து, 1928இல் தாம்பரத்தில் காச நோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு மாத்திரைகள் வந்தன. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வுதான். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய சாதனை அது.

ஆனால் கிருமி செத்தாலும் நுரையீரலில் அது குடைந்த பொந்து அப்படியே தங்கிவிடுவதுண்டு. அந்தப் பொந்தில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை குடியேறும். மாதக்கணக்கில் இருமல், உடல் மெலிவு, சளியில் ரத்தம் என எல்லாமே காசநோய் போலவே இருக்கும். இந்தப் பூஞ்சை நோய் வந்தவர்களில் பலருக்கு வைட்டமின் டி குறைவு. நோயால் வீட்டுக்குள்ளேயே முடங்குவது ஒரு காரணம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்தும் உடலிலுள்ள டி சத்தை விரைவில் கரைக்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் காசநோய்க் கிருமியைக் கொல்ல வைட்டமின் டி துணைபுரிவதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. குறைவை ஈடுகட்டுவது எலும்புக்கும் தசைக்கும் நல்லது; அது மட்டுமே பூஞ்சையை ஒழித்துவிடாது. கண்டபடி விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

காசநோய் குணமான பிறகும் இருமலும் ரத்தமும் வந்தால், பழைய மாத்திரையை நீங்களாகவே மறுபடி தொடங்காதீர்கள். சளிப் பரிசோதனையோடு பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா, வைட்டமின் டி அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.