எல்லைக்கோடு காக்காத உயிர்கள்: மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளும் பருவம் சார்ந்த பாதுகாப்பும்

உலகின் நீர்நில வாழ்வன பற்றிய இரண்டாவது முழு மதிப்பீடு 2023-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியானது. ஆராயப்பட்ட 8,011 இனங்களில் 40.7 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதாக அது கண்டது. 2004 முதல் 2022 வரை நிலை தாழ்ந்த இனங்களில் 39 விழுக்காட்டுக்குப் பருவநிலை மாற்றமும் 37 விழுக்காட்டுக்கு வாழிட இழப்பும் முதன்மைக் காரணங்கள் என்று அதே ஆய்வு வகுத்தது. இவ்விரண்டையும் தனித்தனி நோய்களாகப் பார்ப்பதே வழக்கம். வாழிட இழப்புக்கு மருந்து காப்பகம் அமைப்பது. பருவநிலை மாற்றத்துக்கு மருந்து பன்னாட்டு உடன்பாடு. ஈரத்தோலும் நீரில் வளரும் இளமையும் கொண்ட தவளைக்கு இந்தப் பிரிவினை பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு வாழிடம் என்பது ஒரு நிலப்பரப்பு மட்டுமன்று. அந்நிலப்பரப்பில் குறித்த சில வாரங்களுக்கு மட்டும் நிலவும் ஒரு நிலைமையும் சேர்ந்ததுதான். அந்த வாரங்கள் கெட்டால், எல்லைக்கோட்டுக்குள் ஒரு மரம்கூட வெட்டப்படாமலேயே இனம் அழியலாம். நம் பாதுகாப்புச் சட்டங்களும் ஆய்வு முறைகளும் பரப்பளவில் சிந்திக்கின்றன, நாட்காட்டியில் சிந்திப்பதில்லை.

இதற்கு ஊதாத் தவளையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கேரளத்தின் இடுக்கி மலைகளிலிருந்து கிடைத்த இந்த உயிரை எஸ்.டி. பிஜுவும் பிராங்கி பொசூய்ட்டும் 2003-இல் புதிய குடும்பமாகவே அறிவித்தார்கள். இதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவில் இல்லை, இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இரு கிளைகளும் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்திருக்கும் என்பது அவர்களது ஆய்வின் கணிப்பு. உருண்டு உப்பிய உடல், சின்னஞ்சிறு தலை, கூரிய மூக்கு, மண்ணைத் தள்ளும் கடினமான பின்னங்கால்கள் என எல்லாமே நிலத்தடி வாழ்வுக்கு ஏற்றவை. கறையானைத் தின்று ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் கிடக்கும் இத்தவளை, தென்மேற்குப் பருவமழைக்கு முன்வரும் கோடை மழையில், ஆண்டில் சில நாட்கள் மட்டுமே இனப்பெருக்கத்துக்காக மேலே வருகிறது. ஓடையோரத்து மண்ணுக்கடியிலிருந்தே ஆண் குரல் கொடுக்கும். இணை சேர்ந்ததும் பெண் தவளை ஆணைச் சுமந்துகொண்டு ஓடைப் பாறைகளின் குழிகளில் தேங்கிய நீருக்குச் சென்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பிறகு இரண்டும் மண்ணுக்குத் திரும்பிவிடும்.

அதன் பின் நடப்பதைத்தான் பாதுகாப்புத் திட்டங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முட்டையிலிருந்து வரும் தலைப்பிரட்டைகள் குளத்துத் தலைப்பிரட்டைகளைப் போன்றவை அல்ல. அடிப்புறம் தட்டையான உடலும் உறிஞ்சிப் பற்றும் வாயும் கொண்டு, பருவமழை வெள்ளம் பாய்ந்து இறங்கும் செங்குத்துப் பாறை முகங்களில் ஒட்டிக்கொண்டு, அங்கே படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்று வளர்பவை அவை. உருமாற்றம் முடிய ஏறக்குறைய நூறு நாட்களோ அதற்குச் சற்று மேலோ ஆகும். வளர்ந்த தவளையை அறிவியல் முறையாக விவரிப்பதற்கு 80 ஆண்டுகளுக்கும் முன்பே இதன் தலைப்பிரட்டை விவரிக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடையில் இறங்கியவர் கண்ணுக்கு மாதக்கணக்கில் தென்படுவது தலைப்பிரட்டை, தவளையோ மண்ணுக்குள். ஆக இந்த இனத்தின் தலைவிதி தாய்த் தவளை வாழும் காட்டு மண்ணில் மட்டும் தீர்மானமாவதில்லை. முதலில் பாறைக்குழி வற்றாத சில நாட்கள், பிறகு ஓடையின் விசை குன்றாத மூன்று நான்கு மாதங்கள் என்ற தொடர்ச்சியில் தீர்மானமாகிறது.

மலையின் கிழக்குச் சரிவுக்கு வந்தால் இதே குடும்பம் வேறொரு நாட்காட்டியில் வாழ்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயப் பகுதியிலிருந்து 2017-இல் விவரிக்கப்பட்ட நாசிகாபட்ராகஸ் பூபதி, ஊர்வன ஆய்வில் பல்லாண்டு உழைத்துக் களப்பணியின்போது 2014-இல் மறைந்த சுப்பிரமணியம் பூபதியின் பெயரைத் தாங்குகிறது. மலையின் மழைமறைவுப் பக்கத்தில் வாழும் இது வடகிழக்குப் பருவமழையின்போது இனம்பெருக்குகிறது. இரண்டும் உண்மையில் வெவ்வேறு இனங்களா, அல்லது ஒரே இனத்தின் இரு கிளைகளா என்று வகைப்பாட்டியலார் ஒருவர் கேட்கலாம். கேள்வி முறையானதே. ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை விடை எதுவானாலும் விளைவு மாறாது. மே மாதத்தில் முட்டையிடும் கூட்டமும் அக்டோபருக்குப் பின் முட்டையிடும் கூட்டமும் ஒன்றின் இழப்பை மற்றொன்று ஈடுசெய்ய முடியாதவை. ஒரு பக்கத்தில் அழிந்தால் மறுபக்கத்துத் தவளைகளைக் கொண்டுவந்து விட்டுக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

இந்தப் பின்னணியில் நம் மதிப்பீட்டு முறையைப் பார்த்தால் கவலை மிகுகிறது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ், பல வகைத் திட்டங்களுக்கு அடிப்படைத் தரவை ஒரே ஒரு பருவத்தில், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவத்தில் திரட்டினால் போதும் என்பது நடைமுறை. காற்றின் தூசியை அளப்பதற்கு இது பொருத்தமான ஏற்பாடு. மழை தூசியை அடக்கிவிடும் என்பதால் வறண்ட காலத்து அளவே மோசமான நிலையைக் காட்டும். அதே அட்டவணையில் உயிரினக் கணக்கையும் எடுத்தால், மழையில் மட்டும் வெளிவரும் உயிர்கள் இல்லாதவையாகப் பதிவாகும். புனல் மின் திட்டங்களுக்குப் பல பருவத் தரவு கேட்கப்படுகிறது, உண்மைதான். ஆனால் 25 மெகாவாட்டுக்குக் குறைந்த திட்டங்கள் அந்த அறிவிக்கையின் வரம்புக்கே வராதவை. மலையோடைகளில் கட்டப்படும் சிறு தடுப்பணைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊதாத் தவளைக்குக் கேடு செய்யப் பேரணை தேவையில்லை. ஆளுயரத் தடுப்பணை ஒன்று மேற்புறத்துப் பாறையை வண்டல் மூடிய தேக்கமாக்கும், கீழ்ப்புறத்துப் பாறையைக் காயவைக்கும். பாறையைப் பற்றி வளரும் தலைப்பிரட்டைக்கு இரண்டிலும் இடமில்லை.

காப்பகங்களை விரிவாக்கினாலே இதெல்லாம் தீருமே என்பது முதல் மறுப்பு. சில இனங்களுக்கு அது சரியான விடை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனைமுடி உச்சியில் 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் வாழும் ராவோர்கெஸ்டெஸ் ரெஸ்பிளெண்டென்ஸ் என்னும் செம்மஞ்சள் நிறத் தவளை தலைப்பிரட்டைப் பருவமே இல்லாதது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து குட்டித் தவளையாக வெளிவரும். அதற்கு ஓடை தேவையில்லை; இரவிகுளம் தேசியப் பூங்காவின் எல்லையே பெரும் பாதுகாப்பு. ஆனால் ஓடையை நம்பும் இனங்களுக்கு நீர் எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது அல்லது வெளியே போகிறது. தேயிலை, ஏலத் தோட்டங்களின் ஊடாக இறங்கும் ஓடையில் மேலே ஒருவர் நீரைத் திருப்பினால் கீழே உள்ள காப்பகம் காகிதத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். கலிபோர்னியாவின் மலையாறுகளில் வாழும் ரானா பாய்லீ என்ற தவளையைப் பற்றிச் சாரா குப்பர்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான ஒப்புமை. அணைகளால் நீரோட்டம் மாற்றப்பட்ட ஆறுகளில் அதன் இனப்பெருக்கக் கூட்டங்கள், மாற்றப்படாத ஆறுகளில் உள்ளவற்றைவிடச் சராசரியாக ஐந்து மடங்கு சிறியவை. காலந்தவறித் திறக்கும் நீர் முட்டைகளை அடித்துச் செல்கிறது. காலந்தவறி நிற்கும் நீர் அவற்றைக் கரையில் காயவிடுகிறது.

காலத்தை வைத்துச் சட்டம் இயற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது அடுத்த மறுப்பு. நம் கடற்கரையே இதற்குப் பதில் சொல்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பது இராமேசுவரத்து விசைப்படகுக்காரர் முதல் காசிமேட்டு வியாபாரி வரை அனைவரும் அறிந்த ஏற்பாடு. ஒடிசாவில் பங்குனி ஆமைகள் பெருங்கூட்டமாக முட்டையிடும் கரைகளை ஒட்டிய கடலில் நவம்பர் 1 முதல் மே 31 வரை தனித் தடை இருக்கிறது. மீனுக்கும் ஆமைக்கும் நாட்காட்டி ஒன்றாக இல்லை என்பதை அங்கே அரசு உணர்ந்திருக்கிறது. தமிழகக் கரையில் ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை மும்முரமாக முட்டையிடுகின்றன. ஏப்ரல் நடுவில் தொடங்கும் பொதுத் தடை அவற்றுக்குக் காலங்கடந்து வருகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இன்னும் பல வாரங்கள் இருந்தன. தடை இருப்பது மட்டும் போதாது, அது எந்த உயிரின் பருவத்தை ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது என்பதே பயனைத் தீர்மானிக்கும்.

மழைக்காலக் கள ஆய்வு கடினமானது, செலவு மிகுந்தது என்பதும் உண்மை. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் தவளையைத் தேடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தலைப்பிரட்டைகள் மாதக்கணக்கில் பாறையில் ஒட்டியிருக்கின்றன. பழகிய கண் பகலிலேயே அடையாளம் கண்டுவிடும். அத்தகைய கண் மலையில் ஏற்கெனவே இருக்கிறது. இடுக்கிப் பகுதியில் பழங்குடி மக்கள் இத்தலைப்பிரட்டைகளைப் பிடித்து உண்பதை 2015-இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்து, இனத்துக்கு நேரடி அச்சுறுத்தல் என்று எச்சரித்தது. எச்சரிக்கையை ஏற்கலாம், ஆனால் எந்த ஓடையில், எந்த மழைக்குப் பின், எத்தனை வாரம் அவை கிடைக்கும் என்று துல்லியமாக அறிந்தவர்களைக் குற்றவாளிகளாக்கி விலக்குவது அறிவுக்கு உகந்ததன்று. கண்காணிப்புப் பணியை ஊதியத்துடன் அவர்களிடம் ஒப்படைப்பதே ஆய்வுக்கும் நல்லது, தவளைக்கும் நல்லது. களக்காடு முண்டந்துறையில் மூங்கிலின் கணுவிடைப் பொந்துக்குள் சிறு துளை வழியே நுழைந்து முட்டையிடும் ராவோர்கெஸ்டெஸ் சலசோடெஸ் என்ற பச்சைத் தவளைக்கும் இதே நியாயம் பொருந்தும். உள்ளே ஆண் தவளை முட்டைகளைக் காக்கும் வாரங்களில் மூங்கிலை வெட்டினால் ஒரு தலைமுறையே போய்விடும். வெட்டைச் சில மாதங்கள் தள்ளிவைப்பதால் மூங்கில் வெட்டுபவருக்கு ஏற்படும் இழப்பு சிறிது.

பருவமழையே தடுமாறும்போது எந்த நாட்காட்டியை நம்பிச் சட்டம் எழுதுவது என்பதே எல்லா மறுப்புகளிலும் கனமானது. கோடை மழை முந்தியோ பிந்தியோ பெய்தால், பெய்து இடையில் நின்றால், பாறைக்குழியின் முட்டைகள் காய்ந்துபோகும். அதைத் தடுக்க வனத்துறையால் ஆகாது. அதனாலேயே, மனிதர் கையில் உள்ள மிச்ச நீரோட்டத்தின் மதிப்பு கூடுகிறது. மழை குறைந்த ஆண்டில் மேலிருந்து நீரைத் திருப்பாமல் விடுவது மழை மிகுந்த ஆண்டில் விடுவதைவிட எத்தனையோ மடங்கு முக்கியமானது. ஆகவே பாதுகாப்புக் காலத்தைத் தேதியால் வரையறுப்பதைவிட நிகழ்வால் வரையறுப்பது மேல்: மேற்குச் சரிவில் முதல் கனத்த கோடை மழை பெய்த நாளிலிருந்து நான்கு மாதங்கள், கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்திலிருந்து அதே அளவு காலம், ஓடையில் புதிய தடுப்போ நீர்த் திருப்பமோ கல்லெடுப்போ கூடாது என்று. இரு சரிவுகளுக்கும் தனித்தனியே இதை எழுத வேண்டும். இடுக்கிக்கு வகுத்த காலக்கெடுவை அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் விரித்தால், அங்கே தவளைகள் மண்ணைவிட்டு மேலே வரத் தொடங்கும் அக்டோபரில் தடை முடிந்து, ஓடையில் வேலைக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கும்.