அறிந்து அளிக்கும் இசைவு

சமூக ஊழியத்தை முன்னிட்டு மக்களிடையே ஆராய்ச்சி செய்வோர் அவர்தம் மொழியையும் வழக்கையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பர். அது மட்டும் போதுமா? அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று விடை கூறும்.

அலபாமா மாநிலத்து மேக்கன் மாவட்டத்தில், 1932-ஆம் ஆண்டில், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையினர் ஏழைக் கறுப்பின ஆடவர் 600 பேரைச் சோதனைக்குச் சேர்த்தனர். அவருள் 399 பேருக்கு சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தது. அதனை மறைத்து, அவ்வூரார் பல உபாதைகளுக்கும் பொதுவாக வழங்கிய ‘கெட்ட இரத்தம்’ என்னும் சொல்லையே கூறி, இலவசச் சிகிச்சை என நம்பவைத்தனர். அம்மக்களுக்கு நன்கு பழகிய கறுப்பினச் செவிலி ஒருவர் இடைநின்றார். ஈமச் செலவுக்குப் பணமும் உண்டு. பிரேதப் பரிசோதனைக்கு உடன்படுதலே அதற்கு விலை. 1940-களில் பெனிசிலின் கைகண்ட மருந்தான பின்னரும் அதனை அளியாது, நோயின் போக்கையே குறித்து வந்தனர்.

1972-இல் பத்திரிகைகள் இதனை வெளியிட்ட பின்னரே சோதனை நின்றது. 1974-இல் சட்டம் பிறந்தது. 1979-இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை மனிதரை மதித்தல், நன்மை நாடுதல், நீதி என மூன்று நெறிகளை வகுத்தது.

மேக்கனில் ஊர்வழக்கை நன்கறிந்தவர்களே அதனைத் தூண்டிலாக்கினர். ஆதலின், பிற மாநிலங்களில் வாழும் நம்மிடம் ஒருவர் இனிய தமிழிலேயே விவரம் கேட்பினும், ‘இது எதற்காக? மறுத்தால் என்ன?’ என்று வினவுதல் மரியாதைக் குறைவு ஆகாது. அது நம் உரிமை.