அந்தமான் நிலவழக்குகளும் முன்னறிவிப்பு விதியும்

1858-இல் தண்டனைக் குடியேற்றமாகத் தொடங்கிய அந்தமான் தீவுகளில் நிலவுரிமையின் இயல்பு தனித்தன்மை வாய்ந்தது. 1966-ஆம் ஆண்டின் நிலவருவாய், நிலச்சீர்திருத்த ஒழுங்குமுறை, நிலம் மைய அரசின் உடைமை என அறிவித்தது. 1949 முதல் குடியேறிய கிழக்கு வங்க ஏதிலியராயினும் தமிழராயினும், அரசின்கீழ் நிலம் பெற்றோரேயாவர். எனவே, அங்கு நிலத்துக்காக வழக்கிடுவோர் அரசையே எதிர்கொள்ள நேர்கிறது.

அத்தகைய வழக்கில் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவின்படி 'இந்திய ஒன்றியம்' எதிர்வாதியாதல் வேண்டும். 80-ஆம் பிரிவின்படி, வாதியின் பெயர், இருப்பிடம், வழக்கின் காரணம், வேண்டும் தீர்வு ஆகியவற்றைக் குறித்து எழுத்துவழி முன்னறிவிப்புத் தந்து இரண்டு மாதம் காத்திருத்தலும், அங்ஙனம் தந்தமையை வழக்குரையில் கூறுதலும் கடமையாகும். 1877-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 424-ஆம் பிரிவே இதன் மூலம்.

இவ்விதி எத்துணைக் கடுமையாகக் கையாளப்பட்டது என்பதற்கு, மாலேகாவ் நகரத்தார் தண்டக் காவல் வரியைத் தடுக்கக் கோரிய பகசந்து தகடூசா வழக்கு சான்றாகும். இரண்டு மாதம் முடியுமுன் தொடுக்கப்பட்ட அவ்வழக்கு நிலைக்காது என இலண்டன் பிரிவி கவுன்சில் 1927-இல் தீர்ப்பளித்தது. தடையாணை வேண்டுவோர்க்கும் விலக்கில்லை என்றாயிற்று. வீடு இடிபடும் நிலையில் இருப்பவனுக்கு இரண்டு மாதம் என்பது என்ன பொருள் தரும் என அம்மன்றம் எண்ணியதாகத் தெரியவில்லை. 1961-இல் உச்ச நீதிமன்றம், எஸ்.என். தத் வழக்கில், நிறுவனப் பெயரில் அனுப்பிய முன்னறிவிப்பு அதன் தனியுரிமையாளர் தொடுத்த வழக்குக்குப் பயன்படாது என்றது. பெரியபுராணத்து வெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூல ஓலையின் எழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கியே முடிவு கண்டனர். இங்கோ சான்று நோக்கப்படுமுன்பே வழக்கு வீழ்ந்தது.

இப்பிரிவை நீக்குமாறு 1958-இல் சட்ட ஆணையம் தன் 14-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்காது நெகிழ்த்தியது. அவசர வழக்கை நீதிமன்ற இசைவுடன் உடனே தொடுக்கலாம். எனினும், அரசின் விளக்கம் கேளாது இடைக்காலத் தீர்வு வழங்கலாகாது. அவசரமில்லையெனில் வழக்குரை திருப்பித் தரப்படும். வாதியை அடையாளம் காண இயலுமாயின், முன்னறிவிப்பிலுள்ள பிழை வழக்கை வீழ்த்தாது.

நிராகரிக்கப்பட்ட வழக்குரையைப் புதிதாகத் தொடுக்க, 7-ஆம் கட்டளையின் 13-ஆம் விதி இடந்தருகிறது. காலவரம்பு கடவாதிருத்தல் வேண்டும். முன்னறிவிப்புக் காலம் 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி கழிக்கப்படும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு, 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, ஏறத்தாழ 1,255 கிலோமீட்டர் அப்பாலுள்ள கல்கத்தாவின் உயர் நீதிமன்றமே மேல்மன்றமாயிற்று. அதன் சுற்று அமர்வு இன்று தீவிலேயே கூடுகிறது.