லாவெண்டர் வகைகள்: தோட்ட வளர்ப்பு

லாவெண்டர் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த நறுமணக் குறுஞ்செடி. தோட்டத்துக்கான வகையைப் பலர் பூவின் நிறம் பார்த்தே தேர்கிறார்கள். அந்த வகை பிறந்த மண்ணையும் உயரத்தையும் பார்த்துத் தேர்வதே சரி. பிரான்சின் புரோவான்ஸ் பகுதி இதற்குச் சான்று. அங்கே மெய் லாவெண்டர் உயர்ந்த சுண்ணாம்பு மலைச்சரிவுகளிலும், அகன்ற இலை கொண்ட ஸ்பைக் லாவெண்டர் தாழ்ந்த, வெப்பமான சரிவுகளிலும் வளர்கின்றன. இவ்விரண்டின் கலப்பே லாவண்டின். மலைக்குளிரில் பழகிய இனம் என்பதால்தான் ஹிட்கோட், மன்ஸ்டெட் போன்ற மெய் லாவெண்டர் ரகங்கள் இங்கிலாந்தின் உறைபனியைத் தாங்குகின்றன. உச்சியில் இதழ்க்கொண்டை சூடிய ஸ்டோக்கஸ் என்ற லாவெண்டர் இனம் அந்த அளவு தாங்காது. சுண்ணாம்பு மண்ணும் அதற்கு ஒவ்வாது.

எண்ணெய் மிகுதியாகத் தரும் லாவண்டினையே எங்கும் நடலாமே என்பர். அளவு உண்மைதான், ஆனால் அதில் கற்பூர நெடி கூடுதல், விதையும் பிடிக்காது, தண்டுத் துண்டுகளை நட்டே பெருக்க வேண்டும். உரமிட்டால் எவ்வகையும் செழிக்கும் என்பதும் பிழை: கொழுத்த மண்ணில் தண்டு நீண்டு துவள்கிறது, பூ குறைகிறது. குளிரைவிட, வேரில் தேங்கும் ஈரமே இச்செடியின் பெரிய எதிரி. களிமண்ணில் மேட்டுப்பாத்தியும் சரளையும் கட்டாயம் வேண்டும். பூத்து முடிந்ததும் இலையுள்ள பகுதிவரை மட்டுமே கத்தரிக்கலாம். முதிர்ந்த கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.